பாறையில் வைத்துப் பார்த்த போன்

ஒரு காட்டில் மேடும் இருந்தது, பள்ளமும் இருந்தது. பிள்ளைகளே, இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டே சொல்லப் போவதில்லை. நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. நீங்களும் கொஞ்சம் கோபத்தோடே கேளுங்கள்.

மேட்டில் ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றி அடர்ந்த மரங்கள். அங்கே காட்டெருமையும் கரடியும் குரங்குக் கூட்டமும் மயில்களும் குடியிருந்தன. பள்ளத்தில் ஓர் ஆறு. அதன் கரையில் வளை தோண்டிக்கொண்டு முள்ளம்பன்றியும் அழுங்கும் காட்டெலிகளும் வாழ்ந்தன. அவையும் மேட்டுக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பாறையில் எப்படி வளை தோண்டுவது? கரையில்தான் மண் மெத்தென்று இருக்கும். புற்றும் எறும்பும் அங்கேதான். உடம்பெல்லாம் செதில் மூடிய அழுங்குக்கு எறும்புதான் சாப்பாடு.

அந்த ஆற்றை நம்ப முடியாது. தூரத்து மலையில் மழை கொட்டினால் போதும். இங்கே ஒரு தூறல்கூட விழாதபோதே வெள்ளம் வந்துவிடும். அதனால் மலையடிவாரத்தில் ஆள்காட்டிக் குருவி காவல் இருந்தது. தண்ணீரின் நிறம் மாறியதைக் கண்டதும் அது தன்னிடம் இருந்த போனிலிருந்து பள்ளத்துப் போனுக்குக் கூப்பிடும். பள்ளத்தில் இருப்பவர்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேடேறிவிடுவார்கள். போன மழைக்காலத்தில் பள்ளத்தில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. பள்ளத்தில் அந்தப் போன் இருந்ததால்தான்.

அது காட்டுக்கே பொதுவான போன். பகலில் மேட்டுக்காரர்களிடம் இருக்கும்; அப்போது அழைப்பு வந்தால் அவர்கள் கத்திச் சொல்வார்கள். பாறைமேல் இருந்த சோலார் தகட்டில் அதற்குச் சார்ஜ் ஏற்றுவார்கள். பொழுது சாய்ந்ததும் அது பள்ளத்துக்கு வந்துவிடும். முள்ளம்பன்றி இரவெல்லாம் விழித்திருக்கும் பிராணி. ஆகவே போன் அதன் பொறுப்பில் இருந்தது. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை.

ஒருநாள் அந்தப் போன் தன் ஆயுள் முடிந்து அணைந்துபோனது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உடனே காட்டெருமை நரிக்குச் சொல்லி அனுப்பியது. நரி ஊருக்கும் காட்டுக்கும் போய்வந்து வியாபாரம் செய்யும் தந்திரசாலி. பையோடு வந்து, பாறைமேல் இரண்டு போன்களை எடுத்து வைத்தது.

கூட்டம் நடுப்பகலில் கூடியது. மேட்டுக்காரர்களுக்கு அதுதான் வசதியான நேரம். பள்ளத்துக்காரர்களோ பகலில் தூங்குகிறவர்கள். முள்ளம்பன்றி மட்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஏறி வந்தது. அதன் பின்னாலேயே அழுங்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. அழுங்கு பயந்த சுபாவம். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அதற்கு ஒரே ஒரு குட்டி, அதுவும் அப்போதுதான் பிறந்திருந்தது. குட்டியை வளைக்குள் விட்டு, அழுங்குகளின் வழக்கப்படி வாசலை மண் போட்டு அடைத்துவிட்டு வந்திருந்தது.

"பாருங்க சாமிகளா," என்றது நரி. "ரெண்டுக்கும் ஒரே விலைதான். கரடியண்ணன் தேன் தர்றதாச் சொல்லிட்டாரு. பொய் சொல்லி விக்கிற பழக்கம் எனக்கில்ல. குறையில்லாத போன் உலகத்துலயே கிடையாது. இதோ, இது மெல்லிசு. வேகம்னா அப்படி ஒரு வேகம். படம் எடுத்தா எறும்போட கால்கூடத் தெரியும். ஆனா சார்ஜ் சீக்கிரம் இறங்கிடும். பள்ளமான இடத்துல சிக்னல் கொஞ்சம் தடுமாறும்."

"அந்தத் தடிப் போன்?" என்றது முள்ளம்பன்றி.

"இது கனம். படம் மங்கல்தான். வீடியோ பாக்கணும்னா சுத்திக்கிட்டே கெடக்கும். ஆனா சார்ஜ் போட்டா ரெண்டு நாளைக்கு நிக்கும். குழிக்குள்ள இறக்குனாலும் சிக்னல் பிடிக்கும். மணி அடிச்சா காது கிழியும்."

"அப்புறம் என்ன யோசனை? தடியைக் குடு. நான் போய்த் தூங்கணும்."

"அதெப்படி அக்கா?" என்று கிளையிலிருந்து குதித்து இறங்கியது குரங்கு. அந்தக் காட்டில் குரங்குக்கு இருந்த வாய் வேறு யாருக்கும் கிடையாது. "பொதுப் பொருள் வாங்கறோம். நாலு பேரைக் கேக்க வேண்டாமா?"

மயில் தடிப் போனை எட்டிப் பார்த்தது. நரி அதில் மயிலை ஒரு படம் எடுத்துக் காட்டியது.

"ஐயையோ! இதுவா நான்? என் தோகை நீலம் எங்க போச்சு? சாம்பல் பூசுன மாதிரியில்ல இருக்கு! அடுத்த காட்டு மயிலுங்க இதைப் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. அவங்களுக்கு வேற வேலை இருக்கும்," என்றது முள்ளம்பன்றி.

"அக்கா, அழகை விடுங்க. பாதுகாப்பை யோசிங்க," என்றது குரங்கு. "உச்சிக் கிளையில உக்காந்து இந்த மெல்லிசு போன்ல பாத்தா, அக்கரையில வர்ற புலியோட மீசை தெரியும்."

"புலியைப் பாத்துட்டு நீ என்னைக்காவது படம் எடுத்திருக்கியாடா? விழுந்தடிச்சு மரம்தான ஏறியிருக்க?"

கரடி சிரித்துவிட்டது. குரங்கின் முகம் சுருங்கியது. தலைவராக உட்கார்ந்திருந்த காட்டெருமை மட்டும் சிரிக்கவில்லை. அதற்குக் குரல் உயர்ந்தாலே பிடிக்காது. யார் சொல்வது சரி என்று பார்க்காது. யார் சத்தம் போடாமல் சொல்கிறார்கள் என்றுதான் பார்க்கும்.

"சண்டை வேண்டாம். ரெண்டையும் சோதிச்சுப் பாத்துடுவோம்," என்றது காட்டெருமை.

அதே பாறைமேல் சோதனை ஆரம்பமானது. இரண்டு போன்களிலும் சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன. உச்சி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சோலார் தகட்டில் மாட்டியதும் இரண்டிலும் சார்ஜ் கிடுகிடுவென்று ஏறியது. பிறகு இரண்டிலும் மயிலைப் படம் எடுத்தார்கள். மெல்லிய போனில் தோகை ஜொலித்தது. கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பாத்தீங்களா பெரியவரே?" என்று கையைத் தட்டியது குரங்கு. "சிக்னல் சமம். சார்ஜ் சமம். வித்தியாசம் கேமராவுல மட்டும்தான்!"

நரிக்கு உண்மை தெரியும். ஆனால் அது தன் வாலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தது.

முள்ளம்பன்றியின் முதுகில் முட்கள் எல்லாம் நிமிர்ந்தன.

"அடப்பாவிகளா! உச்சிப் பாறையில நிக்கவெச்சா செத்த போன்கூட சிக்னல் காட்டும்! எங்க வெச்சுப் பேசப் போறோமோ அங்க வெச்சுல்ல பாக்கணும்? என்கூடப் பள்ளத்துக்கு வாங்க. அங்க பாப்போம். மழைக்காலத்துல மேகம் மூடிக்கிட்டா இந்தத் தகடு எதைத் தின்னு சார்ஜ் ஏத்தும்? அதை யாராவது கேட்டீங்களா?"

"பள்ளத்துக்கா? அங்க ஒரே சேறா இருக்குமே," என்று தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது மயில்.

"அம்மா," என்றது காட்டெருமை. "விஷயம் எதுவா வேணா இருக்கட்டும். குரலைத் தாழ்த்திப் பேசு. முள்ளெல்லாம் எப்படி நிக்குது பாரு."

"என் முள்ளைப் பத்திப் பேசவா கூட்டம் போட்டீங்க? எங்க குட்டிங்க உசிரு அந்தப் போன்லதான்யா இருக்கு!"

"இப்படிக் கோபப்பட்டா நாங்க எப்படி உன் பேச்சைக் கேக்கறது?"

பிள்ளைகளே, இந்தப் பேச்சை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நியாயத்துக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் உங்கள் குரலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

முள்ளம்பன்றி நரியிடம் திரும்பியது. "யோவ், நீ சொல்லு. பள்ளத்துக்கு எது ஒத்துவரும்?"

நரி கரடியைப் பார்த்தது. கரடியின் பக்கத்தில் தேன்கூடு இருந்தது. "நான் விக்கிறவன் அக்கா. ரெண்டோட குறையையும் முன்னாடியே சொல்லிட்டேன். எந்தக் குறை பரவாயில்லைன்னு வாங்கறவங்கதான் முடிவு பண்ணணும்."

"சரி, ஓட்டுக்கு விடுவோம்," என்றது காட்டெருமை.

அந்தக் காட்டில் ஓட்டுப் போடுவதற்கு ஒரு முறை இருந்தது. சம்மதம் என்றால் தலையைக் குனிய வேண்டும். சம்மதம் இல்லை என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

"மெல்லிசு போனுக்குச் சம்மதம்னா குனியுங்க."

குரங்குகள் குனிந்தன. மயில்கள் கொண்டை தரையில் படக் குனிந்தன. கரடி ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு, நமக்கு எதற்கு வம்பு என்று அதுவும் குனிந்தது. முள்ளம்பன்றி விறைப்பாக நிமிர்ந்து நின்றது. அழுங்கும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் அழுங்கின் பக்கம் திரும்பியது.

அவ்வளவுதான். அழுங்கு வெலவெலத்துப்போய்த் தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டது.

"அழுங்கும் சம்மதம்!" என்று கத்தியது குரங்கு. "பள்ளத்துலருந்தே ஆதரவு வந்தாச்சு!"

"டேய், அவ பயத்துல சுருண்டிருக்கா! அது சம்மதமா?"

"தலை குனிஞ்சிருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க அக்கா."

காட்டெருமைக்குப் பெரிய நிம்மதி. "பள்ளத்துலயே ஒருத்தர் ஒத்துக்கிட்ட பிறகு நாம என்ன சொல்றது? முடிவு பண்ணியாச்சு," என்று எழுந்துவிட்டது.

இறங்கி வரும் வழியில் அழுங்கு அழுதது. "அக்கா, நான் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடி!" என்று முள்ளம்பன்றி அதன்மேலும் எரிந்து விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அதற்கே மனசு கேட்கவில்லை. "சரி, அழாத. நான் முழிச்சிருக்கேன்ல. போன் ஒரு தடவை மணி அடிச்சாலும் ஓடி வந்து உன்னைக் கூப்பிடுவேன்."

மழைக்காலம் வந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. சோலார் தகட்டின்மேல் வெயில் விழுவதே அபூர்வமாகிவிட்டது. சார்ஜ் அரைகுறையாகத்தான் ஏறியது. ஒவ்வொரு மாலையும் முள்ளம்பன்றி மேட்டின் சரிவுக்கு வந்து போனை வாங்கிப் பார்க்கும். பார்த்துவிட்டுத் திட்டும்.

"படம் எடுக்கறதைக் குறைங்கய்யா. ராத்திரி தாங்காது."

"தாங்கும் அக்கா, தாங்கும். வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சுக்குங்க," என்று குரங்கு உபதேசம் செய்யும்.

பள்ளத்தில் சிக்னல் ஒற்றைக் கோடாக வரும், போகும். முள்ளம்பன்றி போனை உயரமான ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே கிடக்கும். இரை தேடப் போவதில்லை. பசியோடு கிடந்து கிடந்து அதன் கோபம் இன்னும் அதிகமானது.

ஒருநாள் மத்தியானம் மலைப்பக்கம் மேகம் கருகருவென்று திரண்டது. மேகத்தைக் கண்டால் மயிலுக்குக் கால் தரையில் நிற்குமா? தோகையை விரித்து ஆட ஆரம்பித்தது. குரங்கு அதை முன்னால் நின்று எடுத்தது, பின்னால் நின்று எடுத்தது, மரத்தில் தொங்கிக்கொண்டும் எடுத்தது. "இன்னொரு தடவை மயிலக்கா, கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சு!" என்று பொழுது சாயும்வரை எடுத்தது.

சாயங்காலம் முள்ளம்பன்றி போனை வாங்கிப் பார்த்தது. சார்ஜ் சிவப்பில் இருந்தது.

"என்னடா இது?"

"இன்னைக்குப் படம் அருமையா வந்துச்சு அக்கா. நாளைக்குக் காட்டறேன்," என்று சொல்லிவிட்டுக் குரங்கு மரமேறிப் போய்விட்டது.

முள்ளம்பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கியது. அழுங்கு அப்போதுதான் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு, வளை வாசலை மண்ணால் அடைத்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தூரத்துப் புற்றுக்கு எறும்பு தின்னக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, குட்டி தூங்குது. போயிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா. இன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல."

அழுங்கு போன கொஞ்ச நேரத்தில் கல்லின்மேல் வைத்திருந்த போன் மெல்ல அதிர்ந்தது. முள்ளம்பன்றி பாய்ந்து எடுத்தது.

"அக்கா! நான் ஆள்காட்டி பேசறேன். மலையில—"

அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது. முள்ளம்பன்றி அழுத்திப் பார்த்தது, தட்டிப் பார்த்தது. போன் செத்துக் கிடந்தது. மலையில் என்ன? தண்ணீர் கிளம்பிவிட்டதா? கிளம்பப் போகிறதா? எவ்வளவு தண்ணீர்? எதுவும் தெரியவில்லை. ஆள்காட்டிக் குருவி வெட்டிக் கதை பேசப் போன் செய்யாது என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

முள்ளம்பன்றி அந்தப் போனை மேட்டை நோக்கி வீசி எறிந்தது. "ஓடுங்க! எல்லாரும் மேடேறுங்க! தண்ணி வருது!" என்று முட்களைக் கலகலவென்று உதறிக்கொண்டு கரை நெடுக ஓடியது. காட்டெலிகள் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு ஓடின. முள்ளம்பன்றி தன் குட்டியைச் சரிவில் தள்ளி ஏற்றிவிட்டுத் திரும்பி, அழுங்கின் வளைக்கு ஓடிவந்தது.

வாசல் மண்ணால் இறுகிக் கிடந்தது. முள்ளம்பன்றி பறித்தது. நகத்தால் பறித்தது, பல்லால் பறித்தது. உள்ளே குட்டி சிணுங்குவது காதில் விழுந்தது.

"இருடா தங்கம், வந்துட்டேன்! இருடா!"

தண்ணீர் வந்தது. முதலில் அதன் கால்களை நனைத்தது. மறுநிமிஷம் அதை அப்படியே புரட்டித் தூக்கிச் சரிவில் ஒரு மரத்தின்மேல் அடித்தது. வேரைப் பற்றிக்கொண்டு அது திரும்பிப் பார்த்தபோது அங்கே கரை இல்லை, வளை இல்லை. செம்மண் தண்ணீர் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் தலைக்குமேல் ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு வந்தது. மலையிலிருந்து சிறகு ஓய ஓயப் பறந்தே வந்திருந்தது. "பேச ஆரம்பிச்சேன், அறுந்துபோச்சு! திரும்பத் திரும்பப் போட்டேன், சுவிட்ச் ஆஃப், சுவிட்ச் ஆஃப்னே சொல்லுது! நான் என்ன பண்ணுவேன்!"

அக்கரை மேட்டில் ஒரு புற்றின் பக்கத்தில் அழுங்கு நின்றுகொண்டிருந்தது. அதற்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

மறுநாள் மேகம் விலகி வெயில் அடித்தது. தண்ணீர் கொஞ்சம் வடிந்து, அழுங்கு நீந்தி இக்கரைக்கு வந்திருந்தது. மேட்டுக்காரர்கள் சரிவின் விளிம்புக்கு இறங்கி வந்தார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள் என்று நானும் நம்பப் பார்க்கிறேன். குரங்கின் கையில் அந்தப் போன் இருந்தது. காலையிலேயே பொறுக்கி எடுத்துச் சார்ஜ் ஏற்றியிருந்தது. வந்ததும் வராததுமாக வெள்ளத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தது.

"பாருங்க பெரியவரே, தண்ணியில சுழி எழும்புறதுகூடத் தெரியுது. தடி போனா இருந்தா வெறும் சேறாத்தான் தெரிஞ்சிருக்கும்."

முள்ளம்பன்றியின் உடம்பு காயமாகிக் கிடந்தது. ஆனாலும் முட்கள் நிமிர்ந்தன. "இன்னும் எடுக்கறியாடா? உன்னை இன்னைக்கு விடமாட்டேன்டா!" என்று அது பாய்ந்தது. கரடி குறுக்கே விழுந்து தடுத்தது.

"அம்மா, அம்மா, கோபம் வேண்டாம்," என்றது காட்டெருமை. "நடந்தது நடந்துபோச்சு. யாரோ ஒருத்தர் எடுத்த முடிவா இது? எல்லாரும் சேர்ந்து எடுத்தோம். ஏன், அழுங்கும்தான் சம்மதிச்சா."

எல்லாருடைய கண்ணும் அழுங்கின் பக்கம் திரும்பியது.

அழுங்கு சுருளவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, சேற்றில் இழுத்து இழுத்து நடந்து குரங்கின் முன்னால் போய் நின்றது. பின்னங்கால்களில் எழும்பிப் போனை எட்டிப் பார்த்தது.

"படம் நல்லாத் தெளிவாத்தான் இருக்கு," என்றது. அதன் குரலைப் பல பேர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள். "என் குட்டி எங்க இருக்குன்னு இதுல காட்டு."

குரங்கு போனைத் தாழ்த்தியது.

"காட்டு," என்றது அழுங்கு.

குரங்கு படத்தைப் பெரிதாக்கியது. இன்னும் பெரிதாக்கியது. செம்மண் தண்ணீர்தான் பெரிதாகிக்கொண்டே போனது.

நீதி: எதை வாங்கினாலும் அதில் ஒரு குறை இருக்கும். அந்தக் குறை யார் தலையில் விழுமோ, அவரைக் கேட்காமல் தேர்ந்தெடுக்காதே.